திருகாணியும் உலக்கையும்

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு வட்டத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். கம்பெனி வீட்டைக் காலி செய்தாக வேண்டும். வடக்குத்தில் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. ஐ.டி.ஐ. படித்த பையன் அலமாரி வேலை, தகரக் கூரை வேலை என்று சில்லறை ஒப்பந்தங்கள் எடுத்துச் செய்கிறான். "பாட்டரியில் ஓடுகிற இம்பாக்ட் டிரைவர் வேண்டும், அதிலும் நாலு வேலை செய்கிற ரகம் வேண்டும், நம் வீட்டுக்கும் ஆச்சு, என் பிழைப்புக்கும் ஆச்சு என்கிறான். ரொக்கமெல்லாம் சிமென்டுக்கும் கம்பிக்கும் போய்விட்டது. என் வளையலை அடகு வைத்து வாங்கிக் கொடுக்கலாமா?" என்பது அவர் கேள்வி.

இது ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், நேயர்களே! பணம் நம் பீரோவிலிருந்து போகிறபோது யந்திரம் இன்னதென்று நாமும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. கடையில் போய் "இம்பாக்ட்" என்று கேட்டால் இரண்டு வெவ்வேறு யந்திரங்களை எடுத்துக் காட்டுவார்கள். ஒன்று இம்பாக்ட் டிரில். மற்றொன்று இம்பாக்ட் டிரைவர். இரண்டும் துப்பாக்கி போலத்தான் இருக்கும்; இரண்டும் கடகடவென்று சத்தம் போடும். ஆனால் இரண்டும் செய்கிற வேலை வேறு.

நம் அடுக்களையை வைத்தே சொல்கிறேன். ஊறுகாய் ஜாடியின் மூடி இறுகிப் போனால் என்ன செய்கிறோம்? ஒரே இழுப்பாக இழுத்தால் கைதான் வலிக்கும். வெடுக் வெடுக்கென்று சின்னச் சின்னதாகத் திருப்பினால் மூடி இளகி வரும். டிரைவர் செய்வது அதைத்தான். உள்ளே ஒரு சுத்தி, ஒரு சுருள்வில், ஒரு பட்டடை. திருகாணி லேசாக இறங்கும்வரை எல்லாம் சேர்ந்து சுற்றும். இறுகியதும் சுத்தி பின்வாங்கி, வில்லின் வேகத்தில் முன்னால் பாய்ந்து, பட்டடையைப் பக்கவாட்டில் தட்டும். நிமிஷத்துக்கு 3,000 தட்டு, அதாவது விநாடிக்கு 50. சுற்றுகிற திசையிலேயே தட்டுவதால் பிடித்திருக்கிறவர் மணிக்கட்டு முறுக்கிக்கொள்வதில்லை. ஏணியில் நிற்கிறவனுக்கு இது பெரிய சௌகரியம்.

இம்பாக்ட் டிரில்லோ உலக்கை ஜாதி. சுற்றிக்கொண்டே சுவரை நோக்கி நேராக இடிக்கும். செங்கல்லையும் சிமென்டையும் பொடியாக்குவது அந்த இடிதான். டிரைவரின் பக்கவாட்டுத் தட்டு சுவரை ஒன்றும் செய்யாது. ஆகவே விளம்பரத்தில் 160, 180 நியூட்டன் மீட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து, இது கான்கிரீட்டைத் துளைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். அது திருகுகிற பலம்; இடிக்கிற பலம் அல்ல.

பாட்டரித் துளைக்கருவி அப்படியொன்றும் நேற்று வந்ததல்ல. பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி 1961லேயே ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. 1971ல் அப்பல்லோ 15 விண்வெளி வீரர்கள் சந்திரனுக்கு எடுத்துப்போன துளைக்கருவியும் பாட்டரியில் ஓடியதுதான், அதுவும் உலக்கை ஜாதிதான். அப்படியும் உள்ளே போன குழாயை வெளியே இழுக்க இரண்டு பேரும் படாத பாடு பட்டார்கள்! மண்ணின் குணம் அப்படி.

மண்ணின் குணத்தைப் பற்றி நெய்வேலிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1957ல் சுரங்க வேலை தொடங்கி, 1961ல் பழுப்பு நிலக்கரி வெளியே தெரிந்தது. நிலக்கரியை மூடிக் கிடந்த கடலூர் மணற்பாறை சாமானியமானதல்ல. ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சதச் சக்கர யந்திரங்களின் பற்களையே தேய்த்துவிட்டது. கெட்டியான இடங்களில் துளையிட்டு, வெடி வைத்து, பாறையைத் தளர்த்திய பிறகுதான் சக்கரத்தை ஓட்ட முடிந்தது. யந்திரம் மட்டமானதா? இல்லை. ஒரு வேலைக்கென்று செய்ததை இன்னொரு வேலைக்கு விட்டால் அதுதான் கதி.

இனி, பையன் கேட்கிற நாலு வேலை ரகத்துக்கு வருவோம். ஒரு வளையத்தைத் திருப்பினால் திருகாணியைத் தட்டி முடுக்கும். இன்னொரு பக்கம் திருப்பினால் வெறுமே துளை போடும். மற்றொன்றில் மெதுவாகத் திருகாணி பூட்டும். நாலாவதில் சுவரை இடிக்கும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் இதன் வாயில் நிற்பது கால் அங்குல ஆறுபட்டைக் காம்புள்ள பிட்தான். திரைச்சீலைக் கம்பிக்கும் சுவாமி படத்துக்கும் பிளக் அடிக்கிற 6, 8 மில்லிமீட்டர் துளைகளைச் செங்கல் சுவரில் போடலாம். கான்கிரீட் உத்தரத்தில் ஒரு நாளைக்கு நாற்பது துளை என்றால் பாட்டரியும் தீரும், பையனின் பொறுமையும் தீரும். அதற்கு எஸ்.டி.எஸ். காம்பு போட்ட ரோட்டரி ஹாம்மர் என்று தனியாக இருக்கிறது. உள்ளே காற்றை அழுத்தி இடிக்கிற அசல் உலக்கை. அது மின்சார ஒயரில் ஓடுவதாக இருந்தால் போதும், வாடகைக்குக்கூடக் கிடைக்கும்.

தச்சு வேலையிலும் ஒரு சங்கதி உண்டு. அலமாரிக் கதவுக் கீலுக்குப் போடுகிற சின்னத் திருகாணியை இம்பாக்டில் முடுக்கினால், தலை அறுந்து போகும், அல்லது பிளைவுட்டுக்குள் புதைந்து போகும். அங்கே கிளட்ச் உள்ள சாதாரண டிரில் டிரைவர்தான் உத்தமம். நாலு வேலை ரகத்தின் மெதுவான திருகாணி முறை இங்கே உண்மையாகவே பயன்படும். தகரக் கூரை என்றால் கதை வேறு. இரும்புச் சட்டத்தில் தானே துளைத்துக்கொண்டு இறங்குகிற திருகாணி நூற்றுக்கணக்கில் அடிக்க வேண்டும். அங்கே இம்பாக்ட் டிரைவருக்கு நிகர் அதுதான். 2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் கடலூர் ஜில்லாவில் என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்குக் கூரைத் திருகாணி ஒழுங்காக இறுகியிருக்க வேண்டிய அவசியம் தெரியும். அளவுக்கு மீறியும் இறுக்கக் கூடாது. ரப்பர் வாஷர் நசுங்கினால் மழை ஒழுகும்.

சரி, வளையலுக்கு என்ன பதில்? பையனை ஒரு மாதம் நோட்டுப் போட்டு எழுதச் சொல்லுங்கள், அம்மா. எத்தனை திருகாணி மரத்தில், எத்தனை தகரத்தில், எத்தனை துளை சுவரில் என்று. தகரமும் மரமும் முக்கால் பங்கு என்றால், வெறும் இம்பாக்ட் டிரைவர் போதும். அது விலையும் குறைவு, எடையும் குறைவு. எல்லாம் கலந்து, ஒவ்வொரு வீட்டிலும் பத்துப் பதினைந்து சின்ன வேலையாக, தனியாளாகப் போய்ச் செய்கிறான் என்றால் நாலு வேலை ரகம் தன் விலையைச் சம்பாதித்துக் கொடுக்கும். சுவர்த் துளைதான் அதிகம் என்றால் இரண்டுமே வேண்டாம். நோட்டு நிரம்பும்வரை வளையல் உங்கள் கையிலேயே இருக்கட்டும். இம்பாக்ட் டிரைவர் மட்டும்தான் வேண்டும் என்று முடிவானால், அடகுக்குப் போகாமல் இரண்டு மூன்று கூரை வேலைகளின் கூலியிலேயே சேர்த்துவிட முடியுமா என்று அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

பாட்டரி விஷயத்தில்தான் ஏமாற்று அதிகம். வோல்ட் என்பது தண்ணீரின் அழுத்தம் மாதிரி. ஆம்பியர் ஹவர் என்பது மாடித் தொட்டியின் கொள்ளளவு மாதிரி. 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் எல்லாம் அநேகமாக ஒன்றேதான். உள்ளே ஐந்து லித்தியம் செல்கள் வரிசையாக இருக்கும். செல் ஒன்றுக்கு 3.6 வோல்ட் என்று கணக்குப் போட்டால் 18. முழுக்கச் சார்ஜ் ஏறிய நிலையில் 4.2 என்று போட்டால் 21. அதே அளவுப் பெட்டியில் 48 என்றும் 88 என்றும் அச்சடித்து விற்கிறார்களே, அத்தனை வோல்ட்டுக்கு வேண்டிய செல்கள் அதற்குள் அடங்கவே அடங்கா. 2 ஆம்பியர் ஹவர் பாட்டரி ஒன்றைவிட, இரண்டாக வாங்குவது புத்திசாலித்தனம். ஒன்று ஓடும்போது மற்றொன்று சார்ஜ் ஆகும். ஒரு கம்பெனி பாட்டரி இன்னொரு கம்பெனி யந்திரத்தில் பொருந்தாது. ஆகவே முதலில் வாங்குகிற கம்பெனியோடுதான் பிற்பாடும் காலம் தள்ள வேண்டியிருக்கும். ரிப்பேர் என்றால் கடலூரிலேயே பார்ப்பார்களா, புதுச்சேரிக்குப் போக வேண்டுமா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள், பில்லையும் வாங்குங்கள்.

நம் ஊர் வெயிலில் பாட்டரியை மொட்டை மாடியிலோ பைக் பெட்டியிலோ போட்டு வைக்க வேண்டாம். வேலை முடிந்து சூடாக வந்ததை உடனே சார்ஜில் மாட்டவும் வேண்டாம், ஆறட்டும். இன்னொன்று: இந்த யந்திரம் மூடிய அறையில் போடுகிற சத்தம் காதைக் கெடுக்கும். பஞ்சு போதாது. காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். சுவரில் துளைக்கும்போது ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் கை வைக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள். ஒயர்க் குழாய் அநேகமாக அந்த வழியாகத்தான் போகும்.