நாங்கள் தட்டியபோது திறந்தீர்களா?

காய்ச்சலில் ஒரு பிள்ளை போய்விட்டால் தெருவே திரண்டு, வீடு வீடாகக் கொசுப்புழு தேடும் டெங்கு மஸ்தூர்களான எங்களைத்தான் கேட்கிறது: "இத்தனை நாளா எங்கே போயிருந்தீங்க?" எங்கே போவோம்? உங்கள் வாசலில்தான் நின்றோம். "டெங்கு மஸ்தூர் வந்திருக்கேம்மா, தண்ணித் தொட்டியைப் பார்க்கணும்" என்று தொண்டை வறளக் கூப்பிட்டோம். "எங்க வீடு சுத்தம்தான், சாக்கடையைப் போய்ப் பாரு" என்று ஜன்னல் வழியே பதில் வந்தது. சில வீடுகளில் பதில்கூட இல்லை, நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

சாக்கடையில் வளர்வது வேறு கொசு ஐயா! டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு உங்களைப் போலவே நல்ல தண்ணீர்தான் வேண்டும். மூடி உடைந்த சின்டெக்ஸ், ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருக்கும் தட்டு, மணிபிளான்ட் பாட்டில், மாடியில் கிடக்கும் பழைய டயர். போன மழையில் ஒரு மாடிவீட்டு முற்றத்தில் அழகுக்காக வைத்திருந்த ஆட்டுக்கல் குழிக்குள் டார்ச் அடித்துக் காட்டினேன். வால் நுனி தண்ணீர் மட்டத்தைத் தொட, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடியில் இறங்கின. பத்து நாளுக்குள் இதெல்லாம் கொசுவாகிப் பறக்கும் என்றேன். தன் குடும்பத்தையே நான் திட்டிவிட்டதுபோல அந்த வீட்டு அம்மாவின் முகம் மாறியது. சூப்பர்வைசருக்குப் போன் போனது: "மரியாதை தெரியாத ஆளையெல்லாம் அனுப்புறீங்க." அன்றைய கூலி எனக்குத்தான் வெட்டு.

தொட்டியில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்ற விடமாட்டீர்கள்; விஷமாம். குடிநீரிலேயே அளவோடு கலக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்ற மருந்து அது. புகை வண்டியை மட்டும் மாடியிலிருந்து கைதட்டிக் கூப்பிடுவீர்கள். புகை, பறக்கிற கொசுவைக் கொல்லும், புழுவைத் தொடாது. உங்கள் கட்டிலுக்கடியிலும் திரைச்சீலைக்குப் பின்னாலும் ஒளிந்திருந்து பகலில் கடிக்கிற கொசுவைத் தெருவோடு போகும் புகை என்ன செய்யும்?

தமிழகத்தில் 2012-இல் 66 பேர், 2017-இல் 65 பேர் டெங்குவில் இறந்ததாக அரசுக் கணக்கே சொல்கிறது. அந்த மாதிரி நேரத்தில் மட்டும் எங்களுக்கு மதிப்பு. அதிகாரிகள் வருவார்கள், கேமரா வரும், நிலவேம்புக் குடிநீர் வரும். தை பிறந்ததும் "இனிமே வர வேண்டாம்." தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அந்த முட்டைக்கு இருக்கிற நிரந்தரம்கூட எங்கள் வேலைக்கு இல்லை. எனக்கே டெங்கு வந்து படுத்தேன். படுத்த நாளுக்குக் கூலி கிடையாது.

எங்களைத் திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் வாரம் ஒருமுறை தொட்டித் தண்ணீரைக் கொட்டி, உட்சுவரை நாரால் தேய்த்துக் கழுவி, காயவைத்து மூடுங்கள். வெறுமனே கொட்டினால் முட்டை போகாது. காய்ச்சல் விட்டதும் பிழைத்தோம் என்று இருந்துவிடாதீர்கள். ஆபத்து அப்போதுதான் ஆரம்பம். விடாத வயிற்றுவலி, வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அதிகாரிகளே, உங்களிடம் கேட்பது இரண்டுதான். பாக்கி வைத்திருக்கும் கூலியைக் கொடுங்கள். வருஷம் முழுக்க எங்களை வேலையில் வையுங்கள்.