கார்டெல்லாம் எடுக்கிறதில்ல சார்

கண்ணாடிக் கதவில் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே என்று மூன்று ஸ்டிக்கரும் வரிசையாக ஒட்டியிருக்கும். வெயிலில் வெளுத்து ஓரம் சுருண்டு போயிருந்தாலும் ஒட்டித்தான் இருக்கும். நம்பி உள்ளே போய், பொருளை எடுத்து, பில்லும் போட்ட பிறகு பர்ஸிலிருந்து கார்டை உருவினால்தான் கல்லாவில் இருப்பவர் முகம் மாறும். "கார்டா? சர்வர் கிடைக்கல சார். ஜீபே பண்ணிடுங்களேன்." மெஷின் எங்கே என்று எட்டிப் பார்த்தால், மேஜைக்கு அடியில் பாலிதீன் கவரில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். சுவிட்சே போடாத மெஷினுக்கு சர்வர் கிடைக்கவில்லையாம்.

இதாவது ஒரு ரகம். இன்னொரு கடையில் டெபிட் கார்டு சரி, கிரெடிட் கார்டு ஆகாது. அடுத்த கடையில் எந்தக் கார்டானாலும் "ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா". அமெக்ஸ் கார்டை நீட்டினால் கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். மெஸ்ஸில் "500 ரூபாய்க்குக் கீழ் கார்டு இல்லை" என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதித் தொங்குகிறது. க்யூஆர் கோடு அட்டைக்குக் கீழேகூட இப்போது ஒரு வரி சேர்ந்துவிட்டது: "கிரெடிட் கார்டிலிருந்து அனுப்ப வேண்டாம்." ஒரே தெருவில் நாலு கடைக்கு நாலு சட்டம். காரணம் என்ன என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் ஒரே சர்வர்தான்.

கடைக்காரரைத் திட்டக்கூடாது என்று சொல்ல வரவில்லை. தாராளமாகத் திட்டலாம். எதற்காகத் திட்டுகிறோம் என்று தெரிந்து திட்டினால் நல்லது.

ஆயிரம் ரூபாய்க்குக் கார்டு தேய்த்தால் கடைக்காரர் கணக்கில் ஆயிரமும் விழுவதில்லை. எம்டிஆர் என்ற பெயரில் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டுதான் மிச்சம் வரும், அதுவும் பெரும்பாலும் மறுநாள். கழித்ததில் பெரும்பங்கு நமக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு. மெஷின் கொடுத்த வங்கிக்குக் கொஞ்சம், விசா, மாஸ்டர்கார்டு மாதிரி நடுவில் நிற்கிறவர்களுக்குக் கொஞ்சம். நம் கிரெடிட் கார்டில் சேருகிற பாயின்ட், ஏர்போர்ட் லவுஞ்சில் ஓசியில் சாப்பிடுகிற இட்லி எல்லாம் வங்கி தன் கைக்காசைப் போட்டுத் தருவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதில் நல்ல பங்கு மளிகைக்கடை அண்ணாச்சியின் கல்லாவிலிருந்து போனது.

டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2018 ஜனவரி 1 முதல், ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருக்கும் கடைக்கு 0.40 சதவீதம், எவ்வளவு பெரிய பில்லானாலும் 200 ரூபாய்க்கு மேல் கூடாது. அதைத் தாண்டிய கடைக்கு 0.90 சதவீதம், அதிகபட்சம் 1,000 ரூபாய். கிரெடிட் கார்டுக்கு அப்படி ஒரு வரம்பே கிடையாது. கடையைப் பொறுத்து, கார்டைப் பொறுத்து, ரெண்டு சதவீதத்தை ஒட்டி மேலும் கீழும் போகும். அமெக்ஸுக்கு வழக்கமாக இன்னும் கூடுதல், அதனால்தான் அந்தப் பார்வை. சர்க்கரையும் எண்ணெயும் விற்று நூற்றுக்கு மூன்றோ நாலோ பார்க்கிறவரிடம் போய் அதில் ரெண்டைக் கொடு என்றால் அவர் ஏன் மெஷினை மேஜைக்கு மேல் வைக்கப்போகிறார்?

பெட்ரோல் பங்க்காரர்கள் இதை வெளிப்படையாகவே சொன்னார்கள். பணமதிப்பிழப்பு முடிந்த கையோடு, நாடே கார்டு தேய் கார்டு தேய் என்று கூவிக்கொண்டிருந்த 2017 ஜனவரியில், வங்கிகள் பங்க் முதலாளிகளிடம் ஒரு சதவீதம் வரை கேட்டன. அவர்களுக்கு எண்ணெய் நிறுவனம் நிர்ணயித்த கமிஷன்தான் வருமானம், விலையைத் தாங்களாக ஏற்றிக்கொள்ளவும் முடியாது. ஜனவரி 9 முதல் கார்டே வாங்க மாட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள். அரசு அலறியடித்துக்கொண்டு வந்து பேசி நிறுத்தியது. சர்வர் கிடைக்கவில்லை என்று சொல்லாமல் கணக்கைச் சொன்னதற்காகவே அவர்களைப் பாராட்டலாம்.

இதுவரை கடைக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. இதற்குமேல் இல்லை.

இரண்டு லட்சத்துக்கு நகை எடுத்து விசா டெபிட் கார்டை நீட்டுகிறீர்கள் என்று வையுங்கள். கடைக்கு ஆகும் செலவு அதிகபட்சம் 1,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்தாலும் 1,180. உங்களிடம் கேட்பது ரெண்டு பர்சென்ட், அதாவது 4,000. மிச்சம் 2,820 ரூபாய் எந்தக் கணக்கில் போகிறது? ரூபே டெபிட் கார்டு என்றால் இன்னும் மோசம். 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் எம்டிஆர் அடியோடு பூஜ்யம். கடைக்கு ஒரு பைசா பிடித்தம் இல்லாத கார்டுக்கும் அதே ரெண்டு பர்சென்ட். கல்லாப் பையனிடம் இது ரூபே தம்பி என்றால், "எல்லாக் கார்டும் ஒண்ணுதான் சார், முதலாளி சொல்லியிருக்காரு" என்கிறான். அவனைச் சொல்லி என்ன செய்ய?

சரி, காசே பிடிக்காத கார்டை எதற்கு மறுக்கிறார்கள்? மெஷினுக்கு மாத வாடகை உண்டு. பேப்பர் ரோல் வாங்க வேண்டும். கூட்ட நேரத்தில் கார்டைச் செருகி, பின் நம்பர் தட்டி, ரசீது கிழித்துக் கொடுப்பதற்குள் பின்னால் நாலு பேர் நிற்பார்கள். யுபிஐயில் பணம் உடனே கணக்கில் விழுகிறது, சாயங்காலம் வந்த காசை வைத்து விடிகாலையில் மார்க்கெட்டில் சரக்கு எடுக்கலாம். இதையெல்லாம் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ரூபே டெபிட் கார்டை வங்கியும் கைவிட்டது, அரசும் கைவிட்டது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. கட்டணம் இல்லை என்று சொன்னதும் வங்கிக்கு அதில் வருமானம் போயிற்று. அந்த நஷ்டத்தை ஈடுகட்ட அரசு ஊக்கத்தொகை கொடுத்து வந்தது. 2021-22இல் 1,300 கோடி ரூபாய், ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் சேர்த்து. 2024-25க்கு அறிவித்த 1,500 கோடி யுபிஐக்கு மட்டும். ஜன்தன் கணக்கு திறந்தவர்களுக்கெல்லாம் கையில் திணித்த கார்டு அந்தப் பட்டியலிலேயே இல்லை.

பட்டன் போன் வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? என் பெரியம்மா பென்ஷன் கணக்கின் ரூபே கார்டை ஜிப் வைத்த சின்னப் பர்ஸில் வைத்திருப்பார். பின் நம்பர் மனப்பாடம், கார்டு தேய்க்கத் தெரியும், அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. மருந்துக்கடையில், "கார்டு எடுக்கிறதில்லம்மா, பேரன்கிட்ட சொல்லி போன்ல அனுப்பச் சொல்லுங்க" என்றார்கள். "பேரன் பெங்களூர்ல வேலைல இருப்பான்யா, பிரஷர் மாத்திரைக்கு அவனைக் கூப்பிடவா?" என்று கேட்டுவிட்டு, வெயிலில் ஏடிஎம் தேடி நடந்திருக்கிறார். மாதாந்தர இலவச எண்ணிக்கையைத் தாண்டி எடுத்தால், 2025 மே முதல் ஒரு தடவைக்கு 23 ரூபாய் வரை பிடிப்பார்கள். கடைக்காரருக்குப் பிடித்தமே இல்லாத கார்டை வைத்துக்கொண்டு, அதிலிருந்து ரொக்கம் எடுக்கப் பெரியம்மா செலவழிக்க வேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. ஆண்டு விற்பனை 50 கோடியைத் தாண்டிய நிறுவனம் ரூபே டெபிட் கார்டும் யுபிஐயும் ஏற்றே ஆக வேண்டும், தவறினால் நாளுக்கு 5,000 ரூபாய் அபராதம். மருந்துக்கடை அண்ணன் 50 கோடிக்கு எங்கே போவார்? டெபிட் கார்டுக்குத் தனியாகக் காசு கேட்பது நியாயமில்லை, கேட்கிற கடையோடு வங்கி தொடர்பையே முறித்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. 2017 டிசம்பரில் வரம்பு வைத்தபோதும், எம்டிஆரை வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்வது வங்கியின் பொறுப்பு என்று திரும்பச் சொன்னது. பார்த்துக்கொள்கிறார்களா என்று நானே பார்த்துவிட்டேன்.

வாஷிங் மெஷின் வாங்கின அன்று யுபிஐ சுற்றிக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் ரூபே டெபிட் கார்டைக் கொடுத்தேன். பில்லில் 28,000. மெஷின் துப்பிய ரசீதில் 28,560. இரண்டையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து என் வங்கிக் கிளைக்குக் கொண்டுபோனேன். ரசீதில் மேலே இருப்பது வேறு வங்கியின் பெயர், அங்கேதான் கேட்க வேண்டும் என்றார்கள். அந்த வங்கிக்குப் போனால், உங்களுக்கு இங்கே கணக்கு இருக்கா என்றார்கள். இல்லை என்றதும் பேப்பரைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டு, கவுன்டரில் இருந்த அம்மா உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்: "ஐந்நூத்தி அறுபது ரூபாய்க்கா சார் லீவு போட்டுட்டு வந்தீங்க?"