பஸ் ஏறும் முன்பே ஒரு பயணம்!

காட்டுப்பாக்கத்தில் ஒரு குடும்பம். மதுரைக்குப் போக வேண்டும். கையில் இரண்டு பெட்டி. கூடவே இரண்டு பிள்ளைகள். முன்பு கோயம்பேடு போனால் போதும். அங்கே மதுரை பஸ் நிற்கும்.

2023 டிசம்பர் 30-ந் தேதி, வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. தென் மாவட்ட பஸ்கள் படிப்படியாக அங்கே மாறின. நகருக்குள் நெரிசல் குறைய வேண்டும் என்பதே காரணம். அது நியாயமான காரணம்தான்.

ஆனால், அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது? பெட்டி சுமக்கும் பயணியின் தலையில்! பஸ் ஏறும் முன்பே நேரமும் காசும் கரைகின்றன. நிலையம் திறந்தபோது அதன் வாசலில் ரயில் நிலையம் இல்லை.

தென் அமெரிக்காவில் மிகப் பெரிய நாடு பிரேசில். வெளியூர் செல்ல அங்கும் பஸ்தான் பெருந்துணை. சாவோ பாலோ நகரின் டியேட்டே பஸ் நிலையம் 1982-ல் திறந்தது. அதை ஒட்டியே மெட்ரோ ரயில் நிலையம். அந்த மெட்ரோ நிலையம் 1975-லேயே திறக்கப்பட்டுவிட்டது. ஆம், அங்கே ரயில் முந்தியது. பஸ் நிலையம் பிந்தியது.

பஸ் நிலையம் ஊருக்கு வெளியே போகலாம். தவறில்லை. ஆனால், அங்கே போய்ச் சேர வழி முதலில் வேண்டும் அல்லவா?