இரண்டாவது தொட்டி காலியாக இருக்கட்டும்

ஒரு தொட்டியில் மீன் வளர்த்துப் பழகியவர்கள் இன்னொரு தொட்டி வாங்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டால், வாங்குங்கள், ஆனால் அதில் மீன் விடாதீர்கள் என்பேன். கேட்டவர் முகம் சுருங்கிவிடும். முதல் தொட்டியில் கப்பியும் மோலியும் இருக்கின்றன, இரண்டாவதில் ஏஞ்சல் விடலாம், மூன்றாவதில் ஆஸ்கார் விடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். அந்த ஆசையில் தப்பில்லை. பெரம்பூரில் குடியிருந்துகொண்டு, பக்கத்திலேயே கொளத்தூர் மீன் கடைகளை வைத்துக்கொண்டு, ஒரே தொட்டியோடு நிறுத்திக்கொள்வது சுலபமில்லை. தெருவின் இரண்டு பக்கமும் கண்ணாடித் தொட்டிகள், ஜோடிக் கணக்கில் விலை, ஆக்சிஜன் அடித்துக் கட்டித் தொங்கவிட்ட கவர்கள். என் வீட்டிலேயே ஏழு தொட்டிகள் இருக்கின்றன. அதனால்தான் இதை அடித்துச் சொல்கிறேன்: பல தொட்டி வைக்க நினைப்பவருக்கு முதலில் தேவை, புதிதாக வரும் மீனைத் தனியே வைத்துப் பார்க்க ஒரு காலித் தொட்டி.

கடையில் நாம் வாங்கும் மீன் எத்தனை கை மாறி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பண்ணைக் குளத்திலிருந்து மொத்த வியாபாரியிடம், அங்கிருந்து கவரில் கடைக்கு, கடைத் தொட்டியில் பல ஊர் மீன்களோடு நெருக்கியடித்துக்கொண்டு, மறுபடி கவரில் நம் வீட்டுக்கு. வரும்போது பளபளவென்றுதான் இருக்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு ஒரு மூலையில் நிற்கும். திடீரென்று பாய்ந்து கல்லில் விலாவைத் தேய்க்கும். அதற்கு மறுநாள் வால் முழுக்க ரவையைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். இதுதான் வெள்ளைப்புள்ளி நோய்.

இந்த நோயைக் கொண்டுவரும் ஒட்டுண்ணி, மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்துக்குச் சிக்காது. தின்று கொழுத்த பிறகு உதிர்ந்து தொட்டியின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு, ஒன்று நூற்றுக்கணக்காகப் பிரியும். அவை வெளியே வந்து அடுத்த மீனைத் தேடி நீந்தும் சில மணி நேரத்தில்தான் மருந்து வேலை செய்யும். அதனால் புள்ளி மறைந்தவுடன் மருந்தை நிறுத்திவிட்டால் நோய் திரும்ப வரும். தொட்டியில் மணலும் செடியும் மற்ற மீன்களும் இருக்கும்போது இந்த வைத்தியம் பெரும்பாடு. ஒன்றுமில்லாத கண்ணாடித் தொட்டியில் அடியைத் துடைத்து, தண்ணீரை மாற்றி, உப்பு போட்டு, மருந்து விட்டுச் சமாளித்துவிடலாம். ஆகவே என் வீட்டுக்குள் வரும் எந்த மீனும் முதல் மூன்று வாரம் காலித் தொட்டியில்தான் இருக்கும். மணல் கிடையாது, அலங்காரம் கிடையாது. ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி குழாய், ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், அவ்வளவுதான். அதற்கென்று தனி வலை, தனி மக். அந்த வலை வேறு தொட்டிக்குள் போகாது.

அந்தத் தொட்டி வருஷம் முழுக்க ஓட வேண்டும் என்பதும் இல்லை. அதற்கான ஸ்பான்ஜைப் பெரிய தொட்டியின் ஒரு மூலையில் எப்போதும் ஓடவிட்டு வைத்திருப்பேன். தேவைப்படும் அன்று எடுத்து மாற்றிக்கொள்வேன். இதன் காரணம் தெரிந்தால்தான் தொட்டி வைக்கும் கலையே பிடிபடும். மீன் வெளியேற்றும் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது, அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும், செடிகள் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தைத் தண்ணீர் மாற்றி நாம் வெளியேற்றுகிறோம். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதில்லை. ஃபில்டரின் ஸ்பான்ஜிலும் மணலிலும் கண்ணாடியிலும் ஒட்டி வாழ்கின்றன. புதுத் தொட்டியில் அவை வேண்டிய அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். கடையிலிருந்து தொட்டி, மீன், மணல் எல்லாவற்றையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி வந்து அன்று மாலையே மீனை விடுபவர்கள் வீட்டில், முதல் மாதத்திலேயே ஒவ்வொன்றாக மீன்கள் செத்து மிதப்பது இதனால்தான். 'ராசியில்லை' என்று தொட்டியையே தூக்கிப் பரணில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஓடிப் பழகிய ஸ்பான்ஜ் கையில் இருந்தால் இந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறையும். பல தொட்டி வைப்பதில் நான் கண்ட உண்மையான லாபம் இதுதான். ஒரு தொட்டி இன்னொரு தொட்டியைப் பிழைக்க வைக்கும். ஆனால் ஸ்பான்ஜைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் எல்லாம் போச்சு. மெட்ரோ தண்ணீரில் உள்ள குளோரின் அந்த பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிய வேண்டும். காபிக் கலரில் வழியும், கொஞ்சம் மண்வாசனை அடிக்கும். அந்த வாசனை நல்ல அறிகுறி. அழுகல் நாற்றம் அடித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி ஏறக்குறைய 56 லிட்டர் கொள்ளும், அதாவது 56 கிலோ. கண்ணாடியும் மணலும் தனி. நான்கடி நீளத்துக்குப் போனால் கால் டன் சர்வசாதாரணம். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் போடுவது, ஸ்டாண்டில் இருக்கும் சின்ன மேடு பள்ளம் கண்ணாடியைத் தெறிக்கவிடாமல் இருக்க. பழைய வீட்டு மாடியில் இருப்பவர்கள் தொட்டிகளைக் கூடத்தின் நடுவே அடுக்காமல் சுவரோரமாகப் பிரித்து வையுங்கள். வெயில் நேராக விழும் ஜன்னல் வேண்டாம், பாசி அப்பிக்கொள்ளும்.

ஏழு தொட்டிக்கு ஏழு மோட்டார் தேவையில்லை. ஒரே பெரிய ஏர் மோட்டாரிலிருந்து டியூப் பிரித்து எல்லா ஸ்பான்ஜுக்கும் காற்று கொடுக்கிறேன். மோட்டார் எல்லாத் தொட்டிகளின் நீர்மட்டத்துக்கும் மேலே இருக்கிறது. கீழே இருந்தால் கரண்ட் போன நேரத்தில் டியூப் வழியாகத் தண்ணீர் இறங்கி மோட்டாரைக் கெடுத்துவிடும். எங்கள் ஊரில் கரண்ட் போவதைக் கணக்கில் எடுக்காமல் தொட்டி வைக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் முழங்கால் தண்ணீர், மின்சாரம் இல்லை. மக்கில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருந்தோம். தண்ணீரின் மேற்பரப்பு கலங்கினால்தான் காற்று கலக்கும். தீனியை அடியோடு நிறுத்திவிட்டேன். நன்றாக வளர்ந்த மீன் சில நாள் பட்டினி தாங்கும், அம்மோனியாவைத் தாங்காது. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று ஒவ்வொரு மீன் வளர்ப்பவர் வீட்டிலும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

எத்தனை தொட்டி வைக்கலாம் என்பதை முடிவு செய்ய வேண்டியது வீட்டின் அளவோ சம்பளமோ அல்ல. வாரத்துக்கு எத்தனை பக்கெட் தண்ணீர் மாற்ற முடியும், அதற்கு யாருக்குத் தெம்பும் நேரமும் இருக்கிறது என்பதுதான் கணக்கு. என் ஏழு தொட்டிகளில் மொத்தம் 350 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. வாரம் கால் பங்கு மாற்றினால் ஏறக்குறைய 90 லிட்டர், பதினைந்து லிட்டர் பக்கெட்டில் ஆறு. அதை முந்தின நாளே டிரம்மில் பிடித்துத் திறந்து வைத்து, காற்று விட்டு, குளோரின் போகவிட வேண்டும். பழைய தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சாக்கடைக்குப் போவதில்லை. மாடியில் இருக்கும் கத்தரிக்கும் கறிவேப்பிலைக்கும் அதுதான் உரம். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த நாட்களை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. அப்படியொரு கோடையிலும் காப்பாற்ற முடிகிற அளவுக்குத்தான் தொட்டி வைக்க வேண்டும். அதற்கு மேல் வைப்பது மீனுக்கும் அநியாயம், அக்கம்பக்கத்துக்கும் அநியாயம்.

தண்ணீரைப் பார்த்துத்தான் மீனையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழ்வீட்டுப் பையன் ஒருநாள் வந்து, "ஆன்ட்டி, நியான் டெட்ரா வாங்கலாம்னு இருக்கேன்" என்றான். "தம்பி, உங்க வீட்ல போர் தண்ணிதானே? முதல்ல டி.டி.எஸ். பாரு" என்று, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளைக் காட்டும் மீட்டரைக் கொடுத்தேன். ஆயிரத்தைத் தாண்டியது. நியான் டெட்ரா அமேசான் காட்டு ஓடைகளின் மென்னீரில் வாழும் மீன். உப்புப் பிடித்த போர் தண்ணீரில் அதை விட்டுத் தவிக்கவைப்பதைவிட, அந்தத் தண்ணீரையே விரும்பும் மோலியையும் கப்பியையும் வளர்ப்பது புத்திசாலித்தனம். அவன் மோலி வாங்கினான். தொட்டிக்கு நல்ல காலம்.

தனித் தொட்டி கட்டாயம் தேவைப்படும் மீன்களும் உண்டு. ஆண் ஃபைட்டர் இன்னொரு ஆணைக் கண்டால் விடாது. கப்பிக் குஞ்சுகளைத் தாயே தின்றுவிடும், அவற்றுக்குச் செடி அடர்ந்த சின்னத் தொட்டி வேண்டும். கோல்டு ஃபிஷ் நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன், நல்ல இடம் கொடுத்தால் ஓரடி நெருங்க வளரும், பத்து வருஷத்துக்கு மேல் வாழும். அதைத்தான் நாம் பந்து போன்ற வட்டக் கிண்ணத்தில் போட்டு மேஜையில் வைக்கிறோம். ரோம் நகரம் 2005-லேயே வட்டக் கிண்ணத்தில் மீன் வளர்க்கத் தடை போட்டது. இங்கே 2017-இல் மத்திய அரசு மீன் கடைகளுக்கு விதிகள் கொண்டுவந்து, கிண்ணத்தில் மீன் வைப்பதையும் தடுத்தது. எதிர்ப்பு வந்ததும் அந்த விதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விதிகளில் குறை இருந்திருக்கலாம், சிறு வியாபாரிகளின் பயமும் நியாயமானது. ஆனால் கிண்ணத்துக்கு எதிரான அந்த ஒரு விதியையாவது வைத்திருக்க வேண்டும். பிறந்தநாள் விழாவில் குழந்தைகளுக்கு ரிட்டர்ன் கிஃப்ட்டாக டம்ளர் அளவு டப்பாவில் ஃபைட்டர் கொடுக்கிறார்கள். வாங்கிப்போகும் குழந்தை ஒரு வாரத்தில் ஒரு சாவைப் பார்க்கிறது. பெற்றோர்களே, தயவுசெய்து இதை நிறுத்துங்கள். உயிர் பரிசுப் பொருள் அல்ல.

தொட்டி பெருகினால் குஞ்சும் பெருகும். ஒரு பெண் கப்பி நான்கு வாரத்துக்கு ஒருமுறை குஞ்சு போடும், ஆண் இல்லாவிட்டாலும் முன்பு சேர்ந்ததை வைத்து மாதக் கணக்கில் போடும். இடம் போதாமல் போகும்போது, பாவம் பிழைத்துப் போகட்டும் என்று கவரோடு ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 'டேங்க் கிளீனர்' என்று விரல் நீளத்தில் வாங்கிய சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளர்ந்ததும் அதையும் அங்கேதான் விடுகிறார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் இப்போது நம் நீர்நிலைகளில் வலையில் ஏறுகிறது. முள் துடுப்பால் வலையைக் கிழிக்கிறது, கரையைக் குடைகிறது, சந்தையில் விலையும் போவதில்லை. நஷ்டம் முழுக்க மீனவருக்கு. 2023-இல் காஷ்மீரின் தால் ஏரியில் அமெரிக்க முதலைமூஞ்சி மீன் ஒன்று பிடிபட்டுச் செய்தியானது. அமெரிக்காவிலிருந்து அது தானாக நீந்தி வந்திருக்க முடியாது.

உபரிக் குஞ்சுகளை வாங்கிக்கொள்ளும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், விசாரியுங்கள். பணம் தராவிட்டாலும் இனாமாகக் கொடுத்துவிட்டு வாருங்கள். தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். கப்பியில் ஆணையும் பெண்ணையும் சின்னதிலேயே பிரித்துத் தனித்தனித் தொட்டியில் வளருங்கள். வளர்க்க முடியவில்லை என்றால் தொட்டியைக் குறையுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. தொட்டியில் வாழ்ந்த எந்த மீனையும் ஏரியிலோ ஆற்றிலோ கோயில் குளத்திலோ மட்டும் விடாதீர்கள்.