தேர் பின்னுக்குப் போகாது

ஒரே ஒரு எண்ணைத் திருத்துவதற்காக ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போயிருக்கிறேன். சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். 2017 ஏப்ரல் 24, திங்கட்கிழமை. பஞ்சு மார்க்கெட் நிறுத்தத்தில் ஏறும்போதே சட்டை நனைந்துவிட்டது. சித்திரை வெயிலுக்குக் காலை ஒன்பதரை மணி என்பதெல்லாம் கணக்கில்லை.

அப்போது ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஆலை ராஜபாளையத்தில், கணக்குப் பிரிவு ஸ்ரீவில்லிபுத்தூரில். இரண்டு ஊரிலும் ஊருக்கொரு பழைய பெட்டியில் டிஎன்எஸ் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்வதுதான் அதன் பிழைப்பு. 'கணக்கு சர்வர் எங்கே?' என்று ஒரு கம்ப்யூட்டர் கேட்டால், இன்ன எண்ணில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருக்கும். அந்த மென்பொருளின் பெயர் பைண்ட். உள்ளே ஓடும் நிரலை 'நேம்டி' என்பார்கள். கடைசியில் வரும் 'டி', டீமன் என்பதன் சுருக்கம். பேய் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். 1960களில் எம்.ஐ.டி.யில் வைத்த பெயர் அது. மேக்ஸ்வெல் என்ற இயற்பியலாளர் கற்பனை செய்த, கண்ணுக்குத் தெரியாமல் ஓயாமல் வேலை பார்க்கும் ஒரு குட்டிப் பூதத்தை மனதில் வைத்துச் சூட்டினார்கள். நம் பக்கத்தில் யாராவது பெயர் வைத்திருந்தால் ஊர் எல்லையில் தூங்காமல் நிற்கிற கருப்பசாமி ஞாபகம்தான் வந்திருக்கும்.

இரண்டு பெட்டிகளில் ராஜபாளையத்தில் இருப்பது பிரைமரி. பெயர்ப் பட்டியலை அதில்தான் எழுத வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பது செகண்டரி. அது அவ்வப்போது வந்து பட்டியலைப் பிரதி எடுத்துக்கொண்டு போகும். பட்டியல் மாறியிருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? உச்சியில் ஒரு சீரியல் நம்பர் இருக்கும். தன்னிடம் உள்ள எண்ணைவிட அது பெரிதாக இருந்தால் மட்டுமே பிரதி எடுக்கும். அதனால் திருத்தம் செய்கிற ஒவ்வொரு முறையும் எண்ணைக் கூட்ட வேண்டும். தேதியையே எண்ணாக எழுதிவிடுவது பலருக்கும் வழக்கம்: வருடம், மாதம், நாள், அன்றைக்கு எத்தனையாவது திருத்தம் என்று பத்து இலக்கம்.

சித்திரை முதல் நாள், ஆலைக்கு விடுமுறை. யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று அன்றைக்கு உட்கார்ந்து பட்டியலைத் திருத்தினேன். 2017041401 என்று அடிக்க வேண்டியதை 2107041401 என்று அடித்துவிட்டேன். இதில் கொடுமை என்னவென்றால், அன்றைக்கு எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. எண் பெரியதுதானே, செகண்டரி சந்தோஷமாகப் பிரதி எடுத்துக்கொண்டது. ஒரு வாரம் கழித்து, 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம், கணக்கு சாப்ட்வேரைப் புது இயந்திரத்துக்கு மாற்றினோம். பட்டியலில் 2017042101 என்று இந்த முறை மிகச் சரியாக எழுதினேன். பழைய இயந்திரத்தை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

திங்கள் காலை தலைமைக் கணக்கரிடமிருந்து போன். "தம்பி, அங்க எல்லாருக்கும் வருதாம். எங்களுக்கு மட்டும் ஏன் வரல? வில்லிபுத்தூர்க்காரன்னா இளப்பமா?"

செகண்டரியின் கண்ணில் நான் 90 வருடம் பின்னால் போயிருந்தேன். அது 2107ஆம் ஆண்டில் உட்கார்ந்துகொண்டு, 2017இலிருந்து வந்த பட்டியலை 'இது பழசு' என்று தள்ளிவிட்டது. அணைத்துவிட்ட இயந்திரத்துக்கே எல்லாரையும் வழிகாட்டிக்கொண்டிருந்தது. அந்தச் செகண்டரியின் பாஸ்வேர்டு எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவரோடு போய்விட்டதால் தூரத்திலிருந்து உள்ளே நுழையவும் வழியில்லை. பஸ் ஏறினேன். நேரில் போய்ப் பெட்டியை அணைத்து, ஒற்றை ஆள் முறையில் எழுப்பி, அது வைத்திருந்த பிரதியை அழித்துவிட்டு, திரும்ப ஓடவிட்டேன். லாக்கைப் புரட்டினால் மூன்று நாளாக அது ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருக்கிறது: வந்த எண் என் எண்ணைவிடச் சின்னது. கத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறது, கேட்க ஆளில்லை.

பஸ்ஸே ஏறியிருக்க வேண்டாம் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த எண் நேர்கோட்டில் போவதில்லை, வட்டத்தில் போகிறது. 4294967295ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யம். வட்டத்தில் உனக்கு முன்னால் பாதித் தூரத்துக்குள் இருப்பதெல்லாம் 'பெரியது', மற்ற பாதி 'சின்னது'. ஆகவே இருக்கிற எண்ணோடு 2147483647ஐக் கூட்டிப் போட்டால், அதாவது 4254525048 என்று எழுதினால், செகண்டரி 'பெரிது' என்று எடுத்துக்கொள்ளும். அது எடுத்த பிறகு 2017042401 என்று எழுதினால், வட்டக் கணக்கில் அதுவும் முன்னால்தான் இருக்கிறது. அதையும் எடுத்துக்கொள்ளும். ராஜபாளையத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே முடிகிற காரியம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். நிலையிலிருந்து நாலடி நகர்ந்துவிட்ட தேரை யாரும் பின்னுக்குத் தள்ளி நிலைக்குக் கொண்டுவருவதில்லை. நாலு ரத வீதியையும் சுற்றித்தான் வர வேண்டும்.

எண்ணாவது பெரிய விஷயம். ஒரு புள்ளி போதும், ஒருநாள் பிழைப்பைக் கெடுக்க. இந்தப் பட்டியலில் முழுப் பெயரை எழுதினால் கடைசியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் 'பாவம், பாதியில் நிறுத்திவிட்டான்' என்று அதுவே அந்தப் பட்டியலுக்குரிய பெயரைப் பின்னால் ஒட்டிவிடும். மில் பெயருக்குப் பின்னால் இன்னொரு முறை மில் பெயர். அந்தப் புள்ளிக்கு அப்பால் ஒன்றுமில்லை, அதுதான் வேர். உலகத்தின் எல்லா இணையப் பெயர்களும் அந்தப் புள்ளியில் தொடங்குகின்றன. நாம் அதை அடிப்பதில்லை, பார்ப்பதுமில்லை.

பெயரை வலமிருந்து இடமாக, கடைசியிலிருந்து படிக்க வேண்டும் என்பது பலருக்கு விசித்திரமாகப் படும். தபாலில் வரும் கல்யாணப் பத்திரிகையின் உறையை எடுத்துப் பாருங்கள். மேலே பெயர், அடுத்து கதவு எண், தெரு, கீழே ஊர், மாவட்டம். எழுதுவது பெயரிலிருந்து, தபால் பிரிக்கிறவர் படிப்பது கீழிருந்து. பெயரைப் படிக்கிற ஒரே ஆள் கடைசியில் வருகிற தபால்காரர். 1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு வந்தபோது இதைத்தான் எண்ணாக்கினார்கள்: 626 என்றால் நம் பக்கம், 626117 ராஜபாளையம், 626125 ஸ்ரீவில்லிபுத்தூர். டிஎன்எஸ்ஸும் அப்படியே. வேரில் இருப்பவருக்கு உங்கள் கடையைத் தெரியாது, '.இன்' யாரிடம் இருக்கிறது என்று மட்டும் தெரியும். அவர் அடுத்தவரைக் கைகாட்டுவார், அடுத்தவர் அடுத்தவரை. எல்லா விலாசங்களும் தெரிந்த ஆள் எங்கேயும் கிடையாது.

முன்பு இருந்தார். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் காலத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் தலைமையில் கலிஃபோர்னியாவில் ஒரு சிறு குழு, எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயரையும் ஒரே கோப்பில் எழுதி வைத்திருந்தது. புதிதாகப் பெயர் சேர்க்க வேண்டுமென்றால் அவர்களிடம்தான் சொல்ல வேண்டும். மற்ற எல்லாரும் அந்தக் கோப்பைப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்டம் பெருகியதும் தாங்கவில்லை. 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் இந்தப் பகிர்ந்துகொள்ளும் முறையை எழுதினார். பெர்க்லியில் நான்கு மாணவர்கள் அதை யுனிக்ஸுக்கு எழுதியதுதான் பைண்ட். இன்று அதைப் பராமரிக்கும் ஐஎஸ்சி என்ற அமைப்பேதான் பதின்மூன்று வேர் சர்வர்களில் 'எஃப்' என்பதையும் நடத்துகிறது. அதன் ஒரு பிரதியை இந்திய இணைய இணைப்பகமான நிக்ஸி சென்னையில் வைத்தது. பதின்மூன்று என்பது பெயர்க் கணக்குதான். ஒவ்வொன்றுக்கும் உலகமெங்கும் பிரதிகள் உண்டு.

இத்தனையும் இங்கிலீஷ் எழுத்தில். தமிழுக்கு எப்போது இடம் கிடைத்தது? 2007 அக்டோபரில், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் பதினொரு சோதனைப் பெயர்களை வேரில் சேர்த்தது. தமிழும் அதில் ஒன்று: உதாரணம்.பரிட்சை. சுமார் மூன்று வருடங்கள் கழித்து .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா என்று மூன்று நாட்டுப் பெயர்களுக்கும் தமிழில் இடம் கிடைத்தது. ஆனால் சர்வருக்குள் தமிழ் தமிழாகப் போவதில்லை. ஒவ்வொரு சொல்லும் எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கி இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வாலாக மாறித்தான் உள்ளே போகும். அந்த மாற்றத்தில் ஒரு எழுத்து பிசகினாலும் வால் வேறு.

போன மாதம்தான் இதன் சூடு எனக்குப் பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில் பக்கம் மாமாவுக்கு ஒரு பால்கோவாக் கடை. பில் போடும் கம்ப்யூட்டர், கேமரா, பிரிண்டர் எல்லாவற்றுக்கும் பெயர் கொடுக்க அங்கே உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றில் பைண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கடை வைஃபையில் இருப்பவர்கள் விலைப்பட்டியலைப் பார்க்க 'ஸ்ரீவில்லிபுத்தூர்.கடை' என்று ஒரு பெயரும் வைத்தேன். இப்படி ஊரில் இல்லாத வாலைத் தானாக வைத்துக்கொள்வது நல்ல பழக்கமல்ல. உள்வீட்டுப் பெயர்களுக்கென்றே 'இன்டர்னல்' என்ற வாலை 2024இல் ஐகான் ஒதுக்கிவிட்டது. ஆனால் மாமாவிடம் இன்டர்னல் என்று சொன்னால் ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வரும்.

என் லேப்டாப்பில் திறந்தது. மாமாவின் போனில் திறக்கவில்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒரே மாதிரி. இருபது நிமிடம் போன பிறகுதான் உறைத்தது: முதல் எழுத்து. 'ஸ்ரீ' யூனிகோடில் இரண்டு விதமாக உருவாகும். 'ஸ்' உடன் 'ரீ' சேர்ந்தாலும் அந்த வடிவம்தான் வரும். 2005இல் யூனிகோட் 4.1இல் 'ஶ' என்ற எழுத்துக்குத் தனி இடம் கொடுத்தார்கள். 'ஶ்' உடன் 'ரீ' சேர்ந்தாலும் பெரும்பாலான எழுத்துருக்களில் அதே வடிவம். என் கீபோர்டு ஒன்றை அடிக்கிறது, மாமாவின் போன் இன்னொன்றை அடிக்கிறது. கண்ணுக்கு ஒன்று, பைண்டுக்கு இரண்டு. இந்தப் பத்தியில் நான் எதை அடித்திருக்கிறேன் என்று அச்சில் பார்க்கிற யாராலும் சொல்ல முடியாது.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. வேரில் தமிழ்ப் பெயர்களை எப்படி அனுமதிப்பது என்று ஐகானுக்காக விதி எழுதிய குழு இந்த இரண்டு 'ஸ்ரீ'க்களையும் ஒன்றுக்கொன்று மாற்றாகவே கருத வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஒருவர் ஒன்றை வாங்கினால் இன்னொருவர் மற்றதை வாங்கிக்கொண்டு ஏமாற்ற முடியாது. 'ஔ'வுக்கும் 'ஒ'வோடு 'ள' சேர்ந்ததற்கும் அதே விதி. நியாயமான ஏற்பாடு. ஆனால் அது வேருக்கு. மாமா கடைப் பெட்டிக்கு யார் விதி எழுதுவது? நான்தான். இரண்டு 'ஸ்ரீ'க்களின் வால்களையும் பட்டியலில் போட்டேன். சீரியல் நம்பரை ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் படித்துச் சரிபார்த்தேன். 2017க்குப் பிறகு வந்த பழக்கம். ரீலோட் கொடுத்துவிட்டு மாமாவைப் பார்த்தேன்.

"அடிச்சுப் பாருங்க மாமா. கடைசில ஒரு சாய்கோடு போடுங்க, இல்லன்னா கூகுளுக்குப் போயிரும்."

மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிதானமாக அடித்தார். "வரலையே மாப்ள."

போனை வாங்கிப் பார்த்தேன். 'திருவில்லிபுத்தூர்.கடை' என்று இருந்தது.

"என்ன மாமா, திருன்னு அடிச்சிருக்கீங்க?"

"எங்க வாத்தியார் அப்படித்தான்யா எழுதச் சொல்லிக் குடுத்தாரு. ஊரு ஒண்ணுதான?"

ஒன்றுதான். டிஎன்எஸ்ஸில் அதற்கும் வழி உண்டு, சி-நேம் என்று பெயர். 'இவனைக் கேட்டால் அவனைப் பார்' என்று ஒற்றை வரி. திருவை ஸ்ரீக்குக் கைகாட்டினேன். கையோடு வெறும் 'வில்லிபுத்தூர்' என்பதையும் சேர்த்தேன், பஸ் கண்டக்டர் கூப்பிடுகிற பெயர் அதுதானே. மறுபடி சீரியல் நம்பர், மறுபடி ரீலோட். மாமா மறுபடி அடித்தார். வரவில்லை.

கேட்டது கிடைக்காவிட்டால் 'அப்படி ஒன்று இல்லை' என்ற பதிலையும் இந்த ஏற்பாடு ஞாபகம் வைத்துக்கொள்ளும். எத்தனை நேரம் என்பதைப் பட்டியலின் உச்சியில் எழுதி வைக்கலாம். மாமா முதலில் கேட்டபோது கிடைத்த 'இல்லை'யை நடுவில் இருக்கும் வைஃபை ரவுட்டர் பத்திரமாகப் பிடித்து வைத்திருந்தது. நேரத்தை 3600 வினாடி என்று எழுதியவன் நான்.

"ஒரு மணி நேரம் ஆகும் மாமா."

"அதுக்குள்ள ஒரு அடுப்புப் பால்கோவா இறங்கிரும்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.