பழைய சொகுசு கார்: வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் நடக்கக்கூட இடம் இருக்காது. பட்டு எடுக்க வரும் வெளியூர் கார்கள் வரிசையாக நிற்கும். அதில் பென்ஸ், பி.எம்.டபிள்யூ எல்லாம் இப்போது சாதாரணம். எல்லாமே புதியவை அல்ல. பத்து, பன்னிரண்டு வருடம் ஓடியவையும் உண்டு. புதிதாக 40 லட்சத்துக்கு விற்ற கார் 8 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்றால் ஆசை யாரை விட்டது? புது சின்ன கார் வாங்கும் காசில் பென்ஸ்!

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பாதிதான் இருக்கிறது. மறுபாதி ஒர்க்ஷாப்பில் இருக்கிறது.

40 லட்சம் 8 லட்சம் ஆனது எப்படி?

வணிகவியல் முதலாண்டு மாணவருக்கே தெரிந்த விஷயம்தான். வருமான வரிக் கணக்கில் காருக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம், குறைந்துசெல் மதிப்பு முறையில். 40 லட்சம் ரூபாய் காருக்கு இப்படிப் பத்து வருடம் கழித்தால் மிஞ்சுவது 7 லட்சத்து 87 ஆயிரம். சந்தை விலையும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கிறது.

சரி, காருக்குத் தேய்மானம் உண்டு. அதன் உதிரிபாகத்துக்கு? கிடையாது. கார் 8 லட்சம் ஆகிவிட்டது என்பதற்காக அதன் கியர்பாக்ஸ் சின்ன கார் விலைக்கு வராது. அது எப்போதும் 40 லட்சம் ரூபாய் காரின் கியர்பாக்ஸ்தான்.

எங்கே செலவு வைக்கும்?

1. டைமிங் செயின்: 2007ல் பி.எம்.டபிள்யூ தன் சென்னைத் தொழிற்சாலையைத் திறந்தது. பெயர்தான் சென்னை, இடம் சிங்கபெருமாள் கோயில் அருகே மகிந்திரா சிட்டி. அப்போது அது காஞ்சிபுரம் மாவட்டம், 2019க்குப் பிறகு செங்கல்பட்டு மாவட்டம். அந்தக் காலத்து 320டி, 520டி கார்கள் பலவற்றில் இருந்தது என்47 என்ற டீசல் என்ஜின். அதன் டைமிங் செயின் முன்பக்கம் இல்லாமல் கியர்பாக்ஸ் பக்கமாக, பின்னால் இருக்கிறது. செயின் தளர்ந்து சத்தம் கொடுக்க ஆரம்பித்தால் கியர்பாக்ஸையோ என்ஜினையோ கழற்றித்தான் மாற்ற வேண்டும். செலவு லட்சத்தைத் தாண்டும். கவனிக்காமல் ஓட்டி செயின் அறுந்தால் என்ஜினே போய்விடும்.

2. ஈ.ஜி.ஆர். கூலர்: 2018ல் தென்கொரியாவில் 520டி கார்கள் அடுத்தடுத்து தீப்பிடித்தன. இந்தக் கூலரில் ஏற்பட்ட கசிவுதான் காரணம் என்றது நிறுவனம். பிறகு உலகம் முழுவதும் லட்சக்கணக்கான டீசல் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். பழைய கார் வாங்குபவர் அதன் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, திரும்ப அழைத்த வேலைகள் முடிந்தனவா என்று கேட்க வேண்டும். கேட்பதற்குக் காசு இல்லை.

3. கியர்பாக்ஸ்: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று கார் கம்பெனி சொல்லும். அதே கியர்பாக்ஸைச் செய்த ஜெட்.எஃப். நிறுவனமோ 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுள் என்பதுதான் கேள்வி! முதல் உரிமையாளர் நான்கைந்து வருடத்தில் விற்றுவிடுவார். பழுது மூன்றாவது உரிமையாளரின் தலையில் விடியும்.

4. ஏர் சஸ்பென்ஷன்: ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை. பழைய எஸ்-கிளாஸ் போன்ற பென்ஸ் கார்களில் உண்டு. ரப்பர் வெடித்து காற்று கசிந்தால், ராத்திரி நிமிர்ந்து நின்ற கார் காலையில் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். ஒன்றை மாற்றவே ஏறத்தாழ லட்ச ரூபாய்.

5. டயர்: பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-பிளாட் டயர். பல மாடல்களில் ஸ்டெப்னியே கிடையாது. பள்ளத்தில் இறங்கிப் பக்கவாட்டில் அடிபட்டால் டயரையே மாற்ற வேண்டியதுதான். ஒன்று 20 ஆயிரம் ரூபாய் அளவில் வரும்.

செயினுக்கு ஒன்றரை லட்சம், நான்கு டயருக்கு 80 ஆயிரம் என்று வைத்தால் 2 லட்சத்து 30 ஆயிரம். புதுக் காரின் விலையில் இது 6 சதவீதம்கூட இல்லை. பழைய காரின் விலையில் கால் பங்குக்கும் மேல்!

இன்சூரன்ஸ் இருக்கிறதே?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண மோட்டார் பாலிசி விபத்துக்குத்தான், தேய்மானத்துக்கும் பழுதுக்கும் இல்லை. விபத்து என்றாலும் ரப்பர், பிளாஸ்டிக், ஏர்பேக் ஆகியவற்றுக்குப் பாதி விலை கழித்துக்கொள்வார்கள். பத்து வருடம் தாண்டிய காரின் உலோகப் பாகங்களுக்கும் பாதிதான். ரிப்பேர் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று முடித்துவிடுவார்கள். 6 லட்சம் மதிப்புள்ள காருக்கு அந்த எல்லை நாலரை லட்சம். இரண்டு ஏர்பேக், ஹெட்லைட், ரேடியேட்டர், பானெட் போனால் அந்தப் பக்கம் போய்விடும்.

ஆக, சந்தை தேய்மானம் பார்க்கிறது, வரித்துறை பார்க்கிறது, இன்சூரன்ஸ் கம்பெனியும் பார்க்கிறது. ஒர்க்ஷாப் பில் மட்டும் பார்ப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28 சதவீதம். கொஞ்சம் ஆறுதல், அவ்வளவே.

வெள்ளத்தில் நின்ற கார்கள்

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் எத்தனையோ கார்கள் மூழ்கின. விலை உயர்ந்த கார்கள் பலவற்றை இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏலத்தில் தள்ளிவிட்டன. வாங்கியவர்கள் கழுவித் துடைத்து மறுபடி சந்தைக்குக் கொண்டு வந்தார்கள். இந்தக் கார்களில் வயரிங்கும் கண்ட்ரோல் யூனிட்டுகளும் கார்ப்பெட்டுக்கு அடியில், சீட்டுக்கு அடியில் இருக்கும். தண்ணீர் புகுந்த கனெக்டர் மெதுவாகப் பச்சை பூத்து, ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியும். ஐந்து நொடி வேலை.

பட்டுச் சேலை வாங்கும்போது சரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்க்கிற வழக்கம் உள்ள ஊர் இது. சில ஆயிரம் ரூபாய் சேலைக்கு அவ்வளவு சோதனை. 8 லட்சம் ரூபாய் காருக்கு மட்டும் பாலீஷைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கலாமா?

அப்படியானால் வாங்கவே கூடாதா?

வாங்கலாம், வசதி உள்ளவர்கள். சர்வீஸ் ரெக்கார்டு முழுதாக இருக்க வேண்டும். விற்பவர் சொல்லாத ஒரு மெக்கானிக் ஸ்கேன் போட்டுப் பார்க்க வேண்டும். முக்கியமாக, காரின் விலையில் கால் பங்காவது முதல் வருட ரிப்பேருக்கென்று தனியாகக் கையில் இருக்க வேண்டும். 8 லட்சம் வைத்திருப்பவரின் பட்ஜெட் 8 லட்சம் அல்ல, 6 லட்சத்து 40 ஆயிரம்தான்.

கடன் வாங்கி, கல்யாண வாடகைக்கு விட்டுத் தவணை கட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் யோசிக்க வேண்டியவர்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான காரை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும். கார் ஒர்க்ஷாப்பில் நின்றால் வாடகை நின்றுவிடும், தவணை நிற்காது. இவ்வளவு போட்டாயிற்று, இன்னும் ஒரு லட்சம்தானே என்று மறுபடி போடுவார்கள். இதைத்தான் பாடப் புத்தகம் மூழ்கிய செலவு என்கிறது. போன பணம் போனதுதான். அடுத்த லட்சத்தைப் போடுவதற்கு அது ஒரு காரணமே அல்ல.

யானையை வாங்குவது பெரிய விஷயமில்லை, கட்டித் தீனி போடுவதுதான் கஷ்டம். பழைய யானைக்குத் தீனி குறையாது. வைத்தியச் செலவு வேறு சேரும்.