கேட்பாரற்றுக் கிடந்த இசைத்தட்டு



பாட்டு என்றாலே சினிமாப் பாட்டுத்தான் என்று எண்ணி வளர்ந்தவள் நான். நம் ஆண்டு விழாவையே எடுத்துக்கொள்ளுங்களேன். இறைவணக்கம் முடிந்து திரை விலகியதும் ஒலிப்பது எது? சென்ற கோடை விடுமுறையில் கொல்கத்தாவிலுள்ள மாமா வீட்டில்தான் என் எண்ணம் ஆட்டம் கண்டது.

மாமா ஒரு வங்காளப் பாட்டைப் போட்டார். கிதாரும் வயலினும் புல்லாங்குழலும் கலந்த ஓசை. ஊடே பாவுல் என்னும் நாடோடிப் பாடகர்களின் சாயல். மொழி புரியவில்லை. ஆயினும் எழுந்து போக மனம் வரவில்லை. “எந்தப் படம் மாமா?” என்றேன்.

“எந்தப் படமும் இல்லை கண்ணு. அவர்களே எழுதி, அவர்களே பாடியது” என்றார்.

‘மொஹீனேர் கோராகுலி’, அதாவது மொஹீனின் குதிரைகள். ஜீவனானந்த தாஸ் என்ற கவிஞரின் கவிதையிலிருந்து எடுத்த பெயர். கௌதம் சட்டோபாத்யாய் என்பவரும் நண்பர்களுமாக ஏழு இளைஞர்கள் 1975-இல் தொடங்கிய குழு இது. 1977-இல் முதல் இசைத்தட்டு. அதில் நான்கே பாடல்கள். தனக்குப் பிடித்தவற்றையெல்லாம் அடுக்கிவிட்டு, ஆனாலும் ஏனோ மனம் நிறையவில்லை என்கிறது ஒரு பாட்டு. காதலும் சோகமுமாகவே பாட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது பிடிபடவில்லை போலும். மேலும் இரண்டு தட்டுகள் வந்தன. அவற்றையும் வெகு சிலரே கேட்டனர். 1981-இல் குழு கலைந்தது.

“நல்லதாக இருந்தால் விற்றிருக்காதா?” என்று என் தந்தையார் கேட்கிறார். பட்டுச்சேலைக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம். 1995-இல் கௌதம் இளம் பாடகர்களைச் சேர்த்துக்கொண்டு புதியதொரு தொகுப்பை வெளியிட்டபோது, வங்காளத்து இளைஞர்கள் பழைய தட்டுகளையும் தேடிக் கேட்கத் தொடங்கினர். பாட்டு மாறவில்லை, கேட்பவர்கள் மாறியிருந்தார்கள். 1999-இல் அவர் மறைந்தார். வேடிக்கை என்னவெனில், அவர்களது ‘பிருதிபி’ பாட்டின் மெட்டு 2006-இல் ‘கேங்ஸ்டர்’ இந்திப் படத்தில் வந்தபிறகே வெளி மாநிலத்தார் பலர் காதில் விழுந்தது. அங்கும் சினிமாவேதான்!

நம் ஐராவதேசுவரர் கோவிலில், தட்டினால் ஓசை தரும் கற்படிகளைக் கம்பி அடைத்துக் காக்கிறார்கள். அது சரியே, கல் தேய்ந்துவிடும். பாட்டுக்கு எதற்குக் கம்பி?

இதை நான் எழுதக் காரணம் உண்டு. என் வகுப்புத் தோழி ஒருத்தி, தன் வீட்டுத் தறியைப் பற்றித் தானே பாட்டுக் கட்டியிருக்கிறாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. தறியின் தாளத்திலேயே அமைந்த மெட்டு. உணவு இடைவேளையில் எனக்கு மட்டும் பாடிக் காட்டினாள். “விழாவில் பாடேன்” என்றால், “தெரியாத பாட்டை யாரடி கேட்பார்கள்?” என்கிறாள். அந்த நோட்டு ஆண்டு முடிவில் பழைய பேப்பர்காரரிடம் போய்விடுமே என்பதுதான் என் கவலை.

ஆண்டு விழாவில் நாங்களே கட்டிய பாட்டுகளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கும்படி சிஸ்டரிடம் கேட்டிருக்கிறேன். “முதலில் அவளைப் பாட வரச் சொல், கேட்கிறேன்” என்றிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை போகிறோம். அவள் இன்னும் சம்மதிக்கவில்லை.